சீனத்துச் செவ்வியல் தோட்டமும் தாம்பரத்துக் காடும்

சீனத்துச் செவ்வியல் தோட்டத்தை நடந்துதான் பார்க்க முடியும். வாயிலில் நிற்பவருக்கு ஒரு வெண்சுவரும் அதன் முன்னே நாலைந்து மூங்கிலும் ஒரு கல்லும் தெரியலாம். குளம் தெரியாது, மண்டபம் தெரியாது, தோட்டம் எவ்வளவு பெரியது என்பதும் தெரியாது. பத்தடி நடந்து ஒரு மூலையில் திரும்பினால் தண்ணீரின் ஒரு துண்டு தெரியும். இன்னும் பத்தடியில் அதுவும் மறைந்து, சாளரத்தின் வழியே வேறொன்று தெரியும். இப்படி மறைத்து மறைத்துக் காட்டுவதால் சிறிய மனை பெரிய நாடாகிறது. சூஜோ நகரத்து வலைஞர் தோட்டம், வீட்டையும் சேர்த்து, அரை ஹெக்டேருக்குச் சற்று மேல். சென்னைப் புறநகர்க் கணக்கில் 25 கிரவுண்டுக்குள் அடங்கிவிடும். அதற்குள் ஒரு குளம், செய்குன்றுகள், பல மண்டபங்கள், முற்றங்கள் எல்லாம் இருக்கின்றன. அவசரமில்லாமல் பார்ப்பவருக்கு அரைநாள் போதாது.

சீனத் தோட்டங்களில் இரண்டு பெரிய மரபுகள் உண்டு. வடக்கே பெய்ஜிங்கைச் சுற்றிப் பேரரசர்கள் அமைத்தவை பரந்த ஏரியும் பொன்மஞ்சள் ஓடும் சிவந்த தூண்களும் கொண்டவை. தெற்கே யாங்சே ஆற்றின் கழிமுகப் பகுதியில், சூஜோ, யாங்ஜோ, ஹாங்ஜோ முதலிய நகரங்களில், படித்த அதிகாரிகளும் வணிகர்களும் தங்கள் வீட்டையொட்டி அமைத்துக்கொண்டவை சிறியவை, சாம்பல் ஓடும் வெள்ளைச் சுவரும் உடையவை. செவ்வியல் தோட்டம் என்று பொதுவாகச் சொல்லும்போது இந்தத் தெற்கத்தித் தோட்டமே எண்ணப்படுகிறது. சூஜோ தோட்டங்களில் 4 தோட்டங்கள் 1997இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. 2000இல் மேலும் 5 சேர்ந்தன.

சூஜோவில் தோட்டங்கள் பெருகியதற்குக் காரணம் எளிது. நெல்லும் பட்டும் விளைந்த வளமான மண், நகரெங்கும் கால்வாய், தோண்டிய இடமெல்லாம் தண்ணீர். அதோடு அரசுத் தேர்வில் வென்று பதவிக்குப் போனவர்களில் சூஜோக்காரர்கள் மிகுதி. பதவியை விட்டவர்கள், பதவி பறிக்கப்பட்டவர்கள், அரண்மனை அரசியலில் அலுத்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பினார்கள். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் வேலையிழந்த கவிஞர் சூ ஷுன்சின் இங்கே நிலம் வாங்கி அமைத்ததுதான் நீலநீர் மண்டபத் தோட்டம். 1342இல் துறவியர் சிலர் தங்கள் குருவின் பொருட்டு அமைத்தது சிங்கத் தோப்பு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங் ஷியான்சென் என்ற அதிகாரி ஓய்வுபெற்று வந்து உருவாக்கிய ‘எளிய அதிகாரியின் தோட்டம்’ இன்று சூஜோவிலேயே பெரியது. ஏறத்தாழ 5 ஹெக்டேர். அவருடைய நண்பரும் பெரும் ஓவியருமான வென் ஜெங்மிங் 1533இல் அதன் காட்சிகளை 31 ஓவியங்களாகத் தீட்டினார். வாங்கின் மகன் சூதாட்டத்தில் தோட்டத்தை இழந்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன்பின் அது பலர் கை மாறி, பிரிந்து, சேர்ந்து, மீண்டும் கட்டப்பட்டது. இன்று காண்பது பெரும்பாலும் பிற்கால வேலை. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. குளம் தூர்ந்துகொண்டே இருக்கும், மரம் வளர்ந்துகொண்டே இருக்கும், மரத்தூண் உளுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தலைமுறையும் கைவைக்காமல் எந்தத் தோட்டமும் நூறாண்டு நிற்காது.

இந்தக் கலைக்கு நூல் எழுதியவர் ஜி செங். சூஜோவுக்கு அருகில் 1582இல் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், பிறருக்குத் தோட்டம் அமைத்துக் கொடுத்துப் பிழைத்தவர். 1631இல் அவர் எழுதி முடித்த ‘யுவான் யே’ நிலத்தேர்வு, கட்டடம், சாளரம், தளவரிசை, செய்குன்று, கல்தேர்வு என்று தொழிலின் எல்லாப் பகுதிகளையும் பேசுகிறது. தோட்டம் மனிதன் செய்ததுதான் என்றாலும் வானம் செய்ததுபோல் தோன்ற வேண்டும் என்பது அவருடைய அளவுகோல். சீனாவில் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட இந்நூல் ஜப்பானில் பிழைத்திருந்து, 1930களில்தான் சீனாவில் மறுபடி அச்சானது.

தோட்டத்தின் உறுப்புகளில் முதலில் சொல்ல வேண்டியது சுவர். அது வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் உண்டு: மூங்கிலின் நிழலும் கல்லின் உருவமும் அதன்மேல் மைத்தீட்டல்போல் விழுகின்றன. சுவரில் ஆளுயர வட்ட வாயில்கள் திறக்கின்றன. ஓட்டுத் துண்டுகளாலும் சுதையாலும் கோலமிட்ட சாளரங்களும் உண்டு; நீலநீர் மண்டபத் தோட்டத்தில் மட்டும் இத்தகைய சாளரங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அவை அடுத்த முற்றத்தைக் காட்டியும் காட்டாமலும் நிற்கும். சீனத்து மரச்சாளரப் பின்னல்களை ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்தவர் டேனியல் ஷீட்ஸ் டை. செங்டு நகரத்து மேற்குச் சீனப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கற்பித்தவர். அந்தப் பின்னல்களுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது என்று கண்டு அவர் நூல் வெளியிட்ட ஆண்டு 1937. தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடும் கமலா கிருத்திவாசனோடும் சேர்ந்து, வாசற்கோலத்தைக் கணிதமுறையிலான இலக்கணமாக எழுதிக் காட்டிய கட்டுரை 1974இல் வந்தது. நாடும் காலமும் வேறான இரண்டு பேராசிரியர்கள், பெயரறியாத கைவினைஞர் கையிலும் பெண்கள் விரலிலும் இருந்த ஒழுங்கை அறிவாக மதித்தார்கள். சூஜோ சாளரத்தின் முன் நிற்கும் தமிழருக்கு இந்த உறவு எளிதில் புலப்படும்.

அடுத்தது தண்ணீர். குளத்துக்கு நேர்கரை கிடையாது. கரை உள்வாங்கி வெளித்தள்ளிப் போகும். குளத்தின் ஒரு முனையைப் பாலத்துக்கு அடியிலோ மண்டபத்துக்கு அடியிலோ கொண்டுபோய் ஒளித்துவிடுவார்கள். தண்ணீர் அங்கே முடியவில்லை, அப்பாலும் போகிறது என்று கண் நம்பிவிடும். வலைஞர் தோட்டத்துக் குளத்தின் மூலையில் மூன்று தப்படியில் கடந்துவிடக்கூடிய குட்டிக் கல்பாலம் ஒன்று இருக்கிறது. பாலம் அத்தனை சிறிதாக இருப்பதால்தான் குளம் பெரிதாகத் தெரிகிறது. நீரின்மேல் போகும் பாதை கோணல்மாணலாக ஒடிந்து ஒடிந்து போவதும் காரணத்தோடுதான்: ஒவ்வொரு ஒடிவிலும் நடப்பவரின் முகம் வேறு திசை பார்க்கிறது.

கல்தான் வெளியூர்க்காரருக்குப் புதிராக இருக்கும் பகுதி. சூஜோவை ஒட்டிய தாய் ஏரியின் சுண்ணாம்புக் கல்லை நீர் அரித்து அரித்துத் துளையும் குழிவும் ஆக்குகிறது. நல்ல கல் மெலிந்து நிமிர்ந்திருக்க வேண்டும், மேற்பரப்பு சுருங்கி மடிந்திருக்க வேண்டும், மேலிருந்து கீழே நீர் கசியும் வழிகள் வேண்டும், முன்னிருந்து பின்னே ஒளி புகும் துளைகள் வேண்டும் என்று நான்கு குணங்களைச் சொல்வார்கள். சூஜோவின் லியூ யுவான் தோட்டத்தில் நிற்கும் ‘முகில்முடிச் சிகரம்’ என்ற ஒற்றைக்கல் ஆறரை மீட்டர் உயரம். சூங் காலத்து ஓவியர் மீ ஃபூ ஒரு விசித்திரமான கல்லைக் கண்டு அண்ணா என்று அழைத்து வணங்கினார் என்று கதை உண்டு. மலையின் ஆற்றல் திரண்ட உடம்பாகவே அவர்கள் கல்லைக் கண்டார்கள். கற்களை அடுக்கிச் செய்யும் குன்றுக்குள் குகையும் படியும் உண்டு. சிங்கத் தோப்பின் செய்குன்றில் பாதை மேலேறிக் கீழிறங்கிச் சுற்றிக்கொண்டே இருப்பதால், எதிரே நிற்பவரை எட்டிப் பிடிக்கவே வெகுநேரம் ஆகும். குழந்தைகளுக்கு இதைவிட உகந்த தோட்டம் இல்லை.

கல்லின்மேல் கொண்ட ஆசை ஒரு நாட்டையும் உலுக்கியது. சூங் பேரரசர் ஹுயிசோங் தம் தலைநகர் கைஃபெங்கில் 1117 முதல் சில ஆண்டுகளில் ஒரு பெருஞ்செய்குன்றை எழுப்பினார். அதற்காகத் தெற்கேயிருந்து கல்லும் அரிய செடிகளும் படகுபடகாகப் போயின. பெரிய கல் வரும்போது வழியில் நின்ற பாலங்கள் இடிக்கப்பட்டன. வீட்டுத் தோட்டத்தில் நல்ல கல் வைத்திருந்தவனின் சுவரும் இடிந்தது. 1120இல் ஃபாங் லா தலைமையில் மக்கள் கிளர்ந்தெழ இதுவும் ஒரு காரணம். 1127இல் தலைநகர் வடக்கத்திப் படையிடம் வீழ்ந்தபோது குன்றும் அழிந்தது. அழகின் கணக்கில் இந்தச் செலவையும் எழுதத்தான் வேண்டும்.

தென்சென்னைப் புறநகரின் கல் முற்றிலும் வேறு வகை. பல்லாவரம், திரிசூலம், வண்டலூர்க் குன்றுகளின் கருங்கல் சார்னகைட். கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னக்கின் கல்லறையில் இருந்த கல்லும் இதே வகை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரை இட்டார். இது நீரால் துளைபடும் கல் அல்ல. அடுக்கடுக்காக உரிந்து உருண்டையாகும் கல். சீனர்கள் மலையில்லாத ஊரில் கல்லைக் கொண்டுவந்து குவித்து மலை செய்தார்கள். இங்கே இருந்த மலை ஜல்லியாகப் போய்க் கல்குட்டையாகித் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. சூஜோவைப் பார்த்துவிட்டு வந்து சிமெண்டில் செய்குன்று கட்ட நினைப்பதைவிட, எஞ்சியுள்ள குன்றுகளை விட்டுவைப்பது அந்தக் கலைக்கு நெருக்கமான செயல்.

செடிகளில் பூப்பாத்தி கிடையாது. ஒரு மரம், ஒரு செடி, அதற்குரிய இடம், அதற்குரிய பருவம். குளிர்கால முடிவில் ப்ளம் பூக்கும், கோடையில் தாமரை, இலையுதிர் காலத்தில் ஒஸ்மாந்தஸின் மணம். எளிய அதிகாரியின் தோட்டத்தில் ‘மழை கேட்கும் கூடம்’ என்று ஒன்று இருக்கிறது. அதன் வெளியே வாழை நட்டிருக்கிறார்கள், குளத்தில் தாமரை வைத்திருக்கிறார்கள். வாழையிலையில் மழை விழும் ஓசை வேறு, தாமரையிலையில் விழும் ஓசை வேறு, ஓட்டில் விழும் ஓசை வேறு. கிணற்றடியில் வாழை வளர்த்த எவருக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம். மழைநாளில் சூஜோ போய்ச் சேர்ந்தவர் பயணம் கெட்டது என்று வருந்த வேண்டியதில்லை; கூட்டமும் குறைவாக இருக்கும்.

ஒவ்வொரு மண்டபத்துக்கும் பாலத்துக்கும் பெயர்ப்பலகை உண்டு, தூண்களில் ஈரடிப் பாட்டு உண்டு. பெயர் வைக்கும்வரை தோட்டம் முடிந்ததாகக் கொள்வதில்லை. 18ஆம் நூற்றாண்டில் சாவ் சுவெச்சின் எழுதிய ‘செம்மாடக் கனவு’ நாவலில், புதிதாகக் கட்டிய தோட்டத்தின் வழியே தந்தை மகனை அழைத்துப் போய் ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் சொல்லச் சொல்கிறார். அது மகனின் படிப்புக்கு ஒரு தேர்வு. தோட்டம் எப்படிக் கற்றவர்களின் கூடமாக இருந்தது என்பதை அறிய அந்தப் பகுதியைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. எழுத்து தெரியாத பயணியும் பெயரின் பொருளைக் கேட்டறிந்துகொண்டு நிற்பது நல்லது. எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில், எதைப் பார்க்க அந்த இடம் அமைந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

நடக்கும் முறைக்கு லியூ யுவான் சிறந்த பள்ளி. தெருவாசலிலிருந்து குறுகலான, அரையிருட்டான நடை வளைந்து வளைந்து போகிறது. இடையில் சிறு முற்றங்களில் கொஞ்சம் வெளிச்சம். கண் அந்த இருட்டுக்குப் பழகிய பிறகே சாளரங்களின் வழியே குளத்துப் பச்சை தெரிகிறது. கோயிலில் கோபுரவாசலிலிருந்து கருவறை வரை நேர்கோட்டில் பார்வை ஓடும். இங்கே பார்வையை ஓடவிடாமல் நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறார்கள். கூரையிட்ட தாழ்வாரம் ஏறியும் இறங்கியும் போகும், அதைத் தொடர்ந்தால் போதும். எளிய அதிகாரியின் தோட்டத்தில் குளத்தின் மேற்கே நோக்கினால், தோட்டத்துக்கு வெளியே நகரத்தில் நிற்கும் வடகோயில் அடுக்குக் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிகிறது. பிறர் நிலத்துக் காட்சியை இப்படி இரவல் வாங்குவதை ஜி செங் இக்கலையின் முக்கியமான உத்தி என்கிறார். காலையில் வாயில் திறந்ததும் உள்ளே போய், ஒரே மண்டபத்தில் அரைமணி உட்கார்ந்துவிட்டுப் பிறகு நடப்பவர், எல்லா மூலைக்கும் ஓடிப் படமெடுப்பவரைவிட மிகுதியாகக் காண்பார்.

சீனாவுக்குப் போகாமலே இதைப் பார்க்க விரும்பும் தமிழருக்கு அருகில் இருப்பது சிங்கப்பூர் ஜூரோங்கில் உள்ள சீனத் தோட்டம். தைவான் கட்டடக் கலைஞர் யூ யுவென்சென் வடிவமைக்க, 1975இல் திறக்கப்பட்டது, பரப்பு 13.5 ஹெக்டேர். பெய்ஜிங் கோடை அரண்மனையின் 17 கண் பாலத்தை நினைவூட்டும் 13 கண் பாலம் வடக்கு மரபைச் சேர்ந்தது. 1992இல் அதனுள் சேர்ந்த போன்சாய்த் தோட்டம் மட்டும் சூஜோ முறையில் அமைந்தது. முதலில் பாலத்தையும் பிறகு போன்சாய்த் தோட்டத்தையும் பார்ப்பவருக்கு இரு மரபின் வேறுபாடு கால்மணியில் விளங்கும். ஜூரோங் ஏரித் தோட்டங்களின் பகுதியாகப் புதுப்பிக்கப்பட்டு 2024இல் அது மீண்டும் திறந்தது. மெட்ரோ நிலையத்துக்கே சீனத் தோட்டம் என்றுதான் பெயர்.

தனித் தோட்டத்திலிருந்து நிலக்காட்சிக்குப் போனால் ஹாங்ஜோவின் மேற்கு ஏரி முதலிடம் பெறும். ஏரியென்றாலும் மனிதர் பேணாமல் அது நின்றதில்லை. 1089இல் அங்கே ஆளுநராக வந்த கவிஞர் சூ ஷி, ஏரியில் பாதி நீர்க்களை மூடிக் கிடப்பதைக் கண்டு அரசுக்கு மனு எழுதி, ஆள் திரட்டித் தூர்வாரினார். வாரிய சேற்றைக் கொண்டு ஏரியின் குறுக்கே ஆறு பாலங்களோடு ஒரு கரை போட்டார். அதன்மேல் மரம் நட்டார். ஏரிக்குள் எங்கே பயிரிடக்கூடாது என்று காட்ட மூன்று கல்தூண்கள் நிறுத்தினார். எல்லைக்கல்லாகத் தொடங்கிய அந்த இடமே பின்னர் நிலவு பார்க்கும் புகழ்பெற்ற காட்சியாயிற்று. சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், பீர்க்கன்கரணை ஏரிகளின் கரையில் குடியிருப்பவர்களுக்குத் தூர்வாருதலும் ஆக்கிரமிப்பும் எல்லைக்கல்லும் நாள்தோறும் கேட்கும் சொற்கள். அவர்களுக்கு மேற்கு ஏரி அயல்நாட்டு அதிசயமாகத் தோன்றாது. ஆயிரம் ஆண்டாக மீண்டும் மீண்டும் தூர்வாரிப் பேணப்பட்ட ஓர் ஏரியாகத் தோன்றும். தூர்மண் எங்கே போகும் என்ற கேள்விக்கு ஒரு கவிஞர் தந்த விடை அங்கே இன்றும் நடைபாதையாக இருக்கிறது.

ஹாங்ஜோவுக்கும் தாம்பரத்துக்கும் நேரடியான ஒரு தொடர்பு உண்டு. அனைத்துலக மிஷனரி மன்றத்தின் 1938ஆம் ஆண்டுப் பேரவை ஹாங்ஜோவில் கூடுவதாக இருந்தது. 1937இல் ஜப்பானியப் படை சீனாவுக்குள் நுழைந்தது; நவம்பரில் சூஜோவும் டிசம்பரில் ஹாங்ஜோவும் வீழ்ந்தன. பேரவை இடம் மாறி, 1938 டிசம்பரில் தாம்பரத்தில், அப்போதுதான் குடியேறியிருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடியது. ஏறத்தாழ 470 பேர் வந்தார்கள். சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வூ யிஃபாங் அம்மையார், நான்ஜிங்கில் இருந்த ஜின்லிங் மகளிர் கல்லூரியின் தலைவர். போரினால் அந்தக் கல்லூரி செங்டுவில் அடைக்கலம் புகுந்திருந்தது. சாளர இலக்கணம் எழுதிய டை பணியாற்றிய அதே வளாகத்தில்தான் அது தங்கியிருந்தது. வந்தவர்களில் இன்னொருவர் இறையியலாளர் ஜாவ் ஸிசென். ஹாங்ஜோவுக்கு அருகில் பிறந்து, சூஜோவில் படித்து, அங்கேயே பல்லாண்டு கற்பித்து, பின் பெய்ஜிங்கின் யென்ஜிங் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்.

யென்ஜிங்கின் வரலாறும் தாம்பரத்து வரலாறும் ஒப்பிடத்தக்கவை. நகர நெரிசலைவிட்டு 1926இல் பெய்ஜிங்கின் வடமேற்குப் புறநகருக்கு அது பெயர்ந்தது. அங்கே கிடைத்த நிலம் சிங் காலத்து அமைச்சர் ஹேஷனின் பழைய தோட்டம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஹென்றி மர்ஃபி பழைய ஏரியை நடுவில் வைத்தே கல்லூரியை அமைத்தார். நீர்த்தொட்டிக்கே அடுக்குக் கோபுர வடிவம் கொடுத்தார். ஹேஷனின் கல்படகு ஏரிக்கரையில் இன்னும் இருக்கிறது. 1952 முதல் அந்த இடம் பெய்ஜிங் பல்கலைக்கழக வளாகம்.

1837இல் பள்ளியாகத் தொடங்கிச் சென்னை நகரின் நடுவே வளர்ந்த கிறித்தவக் கல்லூரி, தன் நூற்றாண்டான 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியிருந்ததால் இவ்வளவு தொலைவு வர முடிந்தது. கிடைத்த நிலம் சேலையூர்க் காடு; இன்றைய வளாகம் 365 ஏக்கர். களா, காரை, சூரை, விராலி மண்டிய வறண்ட பசுமைமாறாப் புதர்க்காடு. சுவிஸ் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷாட்டி கட்டடங்களை வடிவமைத்தார். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்சும் அவர் மனைவி ஆலிஸும் மரம் நட்டு வளர்ப்பதில் முன்னின்றார்கள். பார்ன்ஸ் தாவரவியலிலும் தேர்ந்தவர். அரிசீமா இனத்துச் செடி ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 1941இல் அவர் இறந்தபோது நட்ட மரங்கள் இளங்கன்றுகளாகவே இருந்திருக்கும்.

இந்த வளாகத்தைச் சீனத் தோட்டம் என்று சொல்வது பொருந்தாது. இங்கே செய்குன்று இல்லை, கவிதை எழுதிய பலகை இல்லை. செய்த வேலையில் பெரும்பகுதி காட்டை வெட்டாமல் விட்டதுதான். ஆனால் இரண்டும் கற்றவர்கள் தங்கள் மாணவர்க்கும் நண்பர்க்கும் ஆக்கிவைத்த நிலங்கள். இரண்டையும் பார்க்க ஒரே பழக்கம் தேவை. செம்மண் பாதை வளையும் இடத்தில் கட்டடம் மறைகிறது, புள்ளிமான் கூட்டம் குறுக்கிடுகிறது, புதர் தாழும் இடத்தில் கூரை மீண்டும் தெரிகிறது. புறநகரில் இன்று அமையும் பூங்காக்களில் வாயிலில் நின்றாலே நான்கு மூலையும் தெரிந்துவிடும். சுற்றிவரச் சிமெண்ட் நடைபாதை, நடுவே புல். இருக்கும் மரத்தைச் சுற்றிப் பாதையை வளைத்தும், ஏரியை ஒரே இடத்தில் காட்டாமல் விட்டுவிட்டுக் காட்டியும் அமைத்தால், அதே நிலம் நடப்பவருக்கு இருமடங்காகும். ஏரிக்கரை நடைபாதைக்குத் திட்டம் போடுவோர் ஜி செங்கின் நூலிலிருந்து கல்லையும் ஓட்டையும் விட்டுவிட்டு இந்தப் பாதை வளைக்கும் அறிவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிச் செலவு இல்லை.

வளாகம் கல்லூரிக்கு உரியது என்பதால் அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி மாதங்கள் ஏற்றவை. அப்போது காடு தழைத்திருக்கும், பாதை காய்ந்திருக்கும். 1938இல் ஹாங்ஜோவுக்குப் பதிலாக வந்தவர்கள் கண்டதும் இதே பருவத்துத் தாம்பரம்தான்.